அந்தமான் பெருஞ்சாலையும் ஒரு பழைய டீசல் ஜீப்பும்

அந்தமான் என்று சொன்னவுடன் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற செல்லுலார் சிறை. அடுத்து எழுவன நீலக் கடலும் வெண்மணலும். இவற்றைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர், இனியும் எழுதுவர். சென்ற விடுமுறையில் பதினெட்டு நாள் அத்தீவுகளில் தங்கியிருந்த நான் மிகுதியான நேரத்தைக் கழித்தது போர்ட் பிளேரில், பாத்துபஸ்திப் பக்கம், தகரக் கூரை வேய்ந்த ஒரு மோட்டார்ப் பட்டறையில். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்போர் உண்டு. பழைய டீசல் வண்டியொன்றை வைத்துக்கொண்டு அல்லற்படும் உறவினர் ஊரில் இல்லாதவர் அரிது. அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

என் தமக்கை மணமாகிச் சென்ற ஊர் நடு அந்தமானிலுள்ள ரங்கத். அத்தான் அங்கே ஒரு டீசல் ஜீப்பை வாடகைக்கு ஓட்டுகிறார். பதினேழு ஆண்டு உழைத்த வண்டி. வாரம் இருமுறை தலைநகருக்கு ஆட்களை ஏற்றிச் சென்று திரும்புவது அதன் வேலை. கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகள், கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள், கச்சேரி வேலையாகச் செல்லும் குடியானவர்கள் ஆகியோரே அவருடைய வாடிக்கைக்காரர். அவ்வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு உடனே அணைந்துவிடாது. ஆயினும் கூட்டுறவுக் கடனுக்குக் கட்டவேண்டிய தவணை நின்றுவிடும். இவ்வாண்டுத் தொடக்கத்தில் அது நின்றது.

இரயில்வேயில் எழுத்தராக இருப்பவனுக்கு அந்தமானில் முதலில் கண்ணில் படுவது, அங்கே இல்லாத இரயில்தான். போர்ட் பிளேரிலிருந்து வடகோடித் திக்லிப்பூர் வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டருக்கு அகலப்பாதை அமைப்பது பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் திட்டம் பேசப்பட்டது. பேச்சு இருக்கிறது, தண்டவாளம் இல்லை. தெற்கையும் வடக்கையும் தரைவழியே இணைப்பது ஒரே சாலை. தேசிய நெடுஞ்சாலை எண் 4. அந்தமான் பெருஞ்சாலை என்பது அதன் பழைய பெயர். போர்ட் பிளேருக்கு 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்பது அரசாங்கப் பெயர். ஊரார் நாவில் பழைய பெயரே இன்னும் நிற்பதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

அச்சாலையின் தன்மையை அறிந்தாலன்றி ஒரு ஜீப்பின் பழுது ஏன் இவ்வளவு பெரிய செய்தி என்பது விளங்காது. போர்ட் பிளேரை விட்டு வடக்கே நாற்பது கிலோமீட்டருக்குமேல் சென்றால் ஜிர்காடாங் என்னும் சோதனைச் சாவடி வருகிறது. அதற்கு அப்பால் நடு நீரிணை வரை ஏறத்தாழ 49 கிலோமீட்டர் தொலைவு ஜாரவா மக்களின் காப்புக் காடு. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அக்காட்டைக் காக்கின்றது. காட்டினூடே செல்லும் சாலைப் பகுதியை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் ஆணையிட்டது. ஆயினும் போக்குவரத்து நிற்கவில்லை, கட்டுப்பாடுகளே பெருகின. சாவடியில் வண்டிகள் அணி சேர்க்கப்பட்டு, குறித்த வேளைகளில் காவலருடன் ஒன்றன்பின் ஒன்றாக விடப்படுகின்றன. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது, முந்தலாகாது, நிறுத்தலாகாது, படம் பிடிக்கலாகாது, உணவுப்பொருள் எதுவும் கொடுக்கலாகாது. சாலையை நம்முடையது என்று நாம் சொல்லிக்கொள்ளுகிறோம், காடு அவர்களுடையது. அங்கே ஒரு வண்டி பழுதாகி நின்றால் அது அவ்வண்டிக்காரரோடு முடிகிற செய்தியன்று. பின்னால் வரும் அணி முழுவதும் நின்றுவிடும். நிற்கக்கூடாத இடத்தில் நூறு இருநூறு பேர் நிற்கவேண்டி வரும்.

அத்தானின் ஜீப் காட்டுக்குள் நிற்கவில்லை. ஆனால் அக்காட்டைக் கடக்கும்போதே எஞ்சினிலிருந்து விசில் போன்ற ஓசை எழுந்ததாம். மேடுகளில் இரண்டாம் கியரிலும் இழுக்கவில்லை. பின்னால் நீலப் புகை. நகருக்குள் நுழைந்து பயணிகளை இறக்கிவிட்ட பின், ஆயில் அளவுக்கோலை எடுத்துப் பார்த்தால் அதன் நுனி நனையவில்லை. வழியில் தென்பட்ட ஒரு பட்டறையில் காட்டியபோது, “டர்போ போய்விட்டது, முழுதும் புதிதாக மாற்றவேண்டும், கப்பலில் வரவழைக்க ஒரு மாதமாகும்” என்றனர். அத்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்ன செய்தியும் இதுவே: கொல்கத்தாவில் மல்லிக் பஜாரில் ஒரு டர்போ வாங்கி வா.

அதற்கு மறுநாளே வேறொரு செய்தி வந்தது. பாத்துபஸ்திப் பட்டறையின் முதியவர் ஒருவர் வண்டியைப் பார்த்திருக்கிறார். தந்தையார் இராமநாதபுரத்திலிருந்து சென்றவர். இவர் தீவிலேயே பிறந்தவர். அந்தமானில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழே தாய்மொழி. எனினும் கடைத்தெருவின் பொதுமொழி இந்தியாகையால் எல்லோரும் அவரை மிஸ்திரி என்றே அழைக்கின்றனர். “தம்பியை இப்போதைக்கு எதையும் வாங்கவேண்டாம் என்று சொல்லுங்கள். கழற்றிப் பார்த்து நான் சொல்லுகிறேன்” என்று அவர் தடுத்துவிட்டாராம்.

டர்போ என்பது யாது என்று அறியாதவர்க்கு இங்கே சிறிது சொல்லவேண்டும். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணே போகிறதன்றோ? அப்புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழலச் செய்து, அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதே டர்போ. காற்று மிகுந்தால் எண்ணெயும் மிகுதியாக எரியும். அதே அளவு எஞ்சின் கூடுதல் வலிமை தரும். சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்பிரட் பியூக்கி என்னும் பொறியாளர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் கப்பல்களிலும், பின்னர் இரயில் எஞ்சின்களிலும், கடைசியில் சிறு வண்டிகளிலும் புகுந்தது. 1964 முதல் வாரணாசியில் கட்டப்பெற்ற டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சினின் 2600 குதிரைத்திறனுக்கும் டர்போவே துணை. அந்த எஞ்சின் நிலையத்தை விட்டுப் புறப்படும்போது கரும்புகையைக் கக்கியதை நம்முள் பலர் பிளாட்பாரத்தில் நின்று கண்டிருப்போம். ஓட்டுநர் எண்ணெயைக் கூட்டிவிட்டார், டர்போவின் சக்கரம் இன்னும் வேகம் பிடிக்கவில்லை, காற்றுப் போதவில்லை என்பதே அப்புகையின் பொருள்.

ஜீப்பிலுள்ள டர்போ ஒரு தேங்காய் அளவே இருக்கும். அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அவ்வளவு வேகத்தில் இரும்பு இரும்பைத் தொடலாகாது. எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியே வரும் ஆயிலின் படலத்தின்மேல் தண்டு மிதக்கின்றது. ஆயில் சில நொடிகள் வராமற்போனால் அதன் வாழ்வு முடிந்தது.

மிஸ்திரி கண்டது என்னவெனில், டர்போவுக்கு ஆயில் கொண்டுசெல்லும் அந்த மெல்லிய குழாய் முனையில் மயிரிழை அளவு விரிசல் விட்டிருந்தது. அதன் வழியே ஆயில் கசிந்து, டர்போவுக்குப் போதிய அளவு செல்லாமல், தண்டின் தாங்கிகள் தேய்ந்துவிட்டன. முதற் பட்டறையார் சொன்னதும் பொய்யன்று. டர்போ கெட்டுத்தான் போயிருந்தது. அவர்கள் கேட்காத கேள்வி, குழாய் ஏன் விரிந்தது என்பது.

அதற்கு விடை கீழே இருந்தது. எஞ்சின் வண்டியின் சட்டத்தின்மேல் நேரே அமர்வதில்லை. இரண்டு இரும்புத் தகடுகளின் நடுவே ரப்பரை ஒட்டவைத்த மவுண்டிங்குகள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கியர்ப் பெட்டியின் அடியில் ஒன்று. தண்டவாளத்துக்கும் கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் இடையே ஒரு ரப்பர்ப் பட்டை இடுகிறோமே, ஏறத்தாழ அதே தொழில். ஜீப்பின் இடப்பக்க மவுண்டிங்கில் ரப்பர் தகட்டைவிட்டு முற்றும் பிரிந்திருந்தது. வலப்பக்கத்தது ஆயில் ஊறி, ஊறவைத்த புளிபோல் குழைந்திருந்தது. கிளட்சை விடுந்தோறும் எஞ்சின் ஒருபுறம் எழும்பி விழுகின்றது. எஞ்சினோடு டர்போ அசைகின்றது. சைலன்சர்க் குழாயோ சட்டத்தோடு கட்டப்பட்டு அசையாமல் நிற்கின்றது. காற்றுக் குழாய், ஆயில் குழாய், சைலன்சர் இணைப்பு ஆகிய யாவும் நாள்தோறும் முறுக்கப்படுகின்றன. எது மெலிந்ததோ அது முதலில் விரிசல் விடுகின்றது. “புது டர்போவைப் போட்டிருந்தால் அடுத்த மழைக்குள் அதுவும் போயிருக்கும், தம்பி” என்றார் மிஸ்திரி.

ஆகவே நான் வாங்கவேண்டிய பட்டியல் மாறியது. முழு டர்போ வேண்டா. அதன் இரு கூடுகளும் நன்றாயிருந்தமையால், நடுவிலுள்ள தண்டும் சக்கரங்களும் அடங்கிய கார்ட்ரிட்ஜ் மட்டும் போதும். அத்துடன் மவுண்டிங் மூன்று, ஆயில் குழாய் ஒன்று, கேஸ்கட் ஒரு தொகுதி. டர்போவின் மேலுள்ள சிறு தகட்டில் பொறித்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மல்லிக் பஜாரில் வண்டியின் பெயரைச் சொன்னால் ஐந்து விதமாக எடுத்துப் போடுகின்றனர். எண்ணைக் காட்டினால் ஒன்றே வருகின்றது. எல்லாம் சேர்ந்தும் முழு டர்போவின் விலையில் பாதியளவே ஆயிற்று. என் படுக்கைச் சுருளுக்குள் அவற்றை வைத்துக் கட்டிக்கொண்டு, கிதிர்பூர்த் துறையில் கப்பலேறினேன். போர்ட் பிளேர் அங்கிருந்து 1255 கிலோமீட்டர். கடற்பயணத்தைப் பற்றி விரிக்க ஒன்றுமில்லை. முதல் நாள் ஊக்ளி ஆறு, பின்னர் மூன்று நாள் நீர், நான்கு வேளை உணவு எனக்கு இறங்கவில்லை.

பட்டறையில் வேலை இரண்டு நாள் நடந்தது. முதல் நாளில் பாதி பழைய போல்ட்டுகளோடு கழிந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை, எந்நேரமும் உப்புக் காற்று. அந்தமானில் இரும்புக்கு ஆயுள் குறைவு. மவுண்டிங் போல்ட்டுகளில் இரண்டு துருவேறி ஸ்பேனருக்கு அசையவில்லை. மிஸ்திரி அவற்றை அடித்து உடைக்கவில்லை. எண்ணெய் விட்டார், தேநீர் அருந்தினார், சூடு காட்டினார், மீண்டும் எண்ணெய் விட்டார். மூன்று மணி நேரத்துக்குப் பின் அவை தாமாகவே வந்தனபோல் வந்தன.

எஞ்சினைத் தூக்குவதிலும் ஒரு முறை இருக்கின்றது. ஜாக்கியை ஆயில் தொட்டியின் அடியில் நேரே வைத்தால் தொட்டி நசுங்கும். அகலமான மரப்பலகையை இடையிலிட்டு, மவுண்டிங்கின் மேலிருந்து சுமை நீங்கும் அளவுக்கு மட்டும், ஓரங்குலம் ஒன்றரை அங்குலம் உயர்த்துகின்றனர். அப்போது மின்விசிறி ரேடியேட்டரில் உரசுகிறதா, எந்தக் குழாயாவது இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கெட்டது ஒன்றாயினும் மூன்றையும் சேர்த்தே மாற்றவேண்டும்; புதியது ஒன்றும் பழையது இரண்டுமாக இருந்தால் சுமை ஒருபக்கம் சாய்ந்து புதியதும் விரைவில் கெடும். நட்டுகளை உடனே இறுக்கிவிடுவதும் இல்லை. எஞ்சினை இறக்கி, அதன் எடை ரப்பரில் இயல்பாக அமர்ந்த பிறகே இறுதி இறுக்கம். ரப்பரைக் குழையச் செய்த ஆயில் எங்கிருந்து வந்தது என்றும் தேடினர். எஞ்சினின் மேல்மூடியின் கேஸ்கட் கசிந்திருந்தது. அதையும் மாற்றினர்.

மவுண்டிங் தேய்ந்ததை வீட்டிலேயே அறியலாம். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது இருக்கை நடுங்கும். கிளட்சை விடும்போது அடியில் ‘தொம்’ என்று ஓசை எழும். கியர்க் கம்பி முன்னும் பின்னும் ஆடும். இவற்றைப் பழைய வண்டியின் இயல்பு என்று எண்ணிப் பலர் பொறுத்துக்கொள்ளுகின்றனர். அத்தானும் இரண்டாண்டு அவ்வாறே பொறுத்திருந்தார்.

இங்கே ஒன்று குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. பழைய மவுண்டிங்கைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ரப்பர் எந்நாட்டதோ என்று நான் கேட்க, பட்டறையில் வேலை பழகும் இளைஞன், “எங்கள் பாட்டனார் பால் வெட்டிய ரப்பராகக்கூட இருக்கலாம், சார்” என்றான். அவன் குடும்பம் நிக்கோபார்த் தொகுதியிலுள்ள கச்சால் தீவைச் சேர்ந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தமிழரில் சில குடும்பங்களை அரசாங்கம் கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றியது. இலங்கையில் பால் வெட்டியவர் கச்சாலிலும் பால் வெட்டினர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த கடற்கோள் மிகக் கொடுமையாகத் தாக்கிய தீவுகளுள் கச்சாலும் ஒன்று. அவன் அதைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் டர்போ. கூடுகளைப் பிரிக்குமுன் அவை எந்த நிலையில் பொருந்தியிருந்தன என்று உளியால் கோடிட்டுக்கொண்டனர். பழைய தண்டை எனக்குக் காட்டினார் மிஸ்திரி. பக்கவாட்டில் சிறிது அசைவது குற்றமன்று. ஆயில் படலத்துக்கு இடம் வேண்டும். முன்பின்னாக அசைவது கைக்குத் தெரியவே கூடாது. இதுவோ நன்றாக அசைந்தது. சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசிய கீறலும் தெரிந்தது. இதழ்களில் ஒன்றும் உடைந்து எஞ்சினுக்குள் போகவில்லை என்பதை எண்ணிப் பார்த்து உறுதி செய்த பின்னரே புதிய கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்தார்.

ஆயில் குழாயின் இணைப்புகளில் பசை எதுவும் தடவவில்லை. பசை பிதுங்கி உள்ளே விழுந்தால் அச்சிறு துளையை அடைத்துக்கொள்ளுமாம். டர்போவிலிருந்து ஆயில் திரும்பி இறங்கும் குழாய் வளைவின்றிக் கீழ்நோக்கியே செல்லுகிறதா என்று பார்த்தார். எஞ்சின் ஆயில், ஆயில் வடிகட்டி, காற்று வடிகட்டி மூன்றும் புதியன. பின்பு டர்போவின் வாயில் கையாலேயே ஆயில் ஊற்றி, சக்கரத்தை விரலால் சுழற்றி, டீசல் வரவை நிறுத்திவைத்து ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சில முறை சுழலச் செய்தார். ஆயில் வந்துவிட்டது என்று கண்ட பின்னரே எஞ்சினை ஓடவிட்டார். பத்து நிமிடம் ஆக்சிலேட்டரை ஒருவரும் தொடக்கூடாது என்று கட்டளை.

அந்தப் பத்து நிமிடத்தில் அவர் அத்தானிடம் சொன்ன செய்தியொன்றை ஒவ்வொரு டீசல் வண்டி ஓட்டுநரும் அறிந்திருத்தல் நலம். டர்போவின் உட்பக்க அடைப்பு முற்றும் கெட்டு ஆயில் காற்றுக் குழாயில் கொட்டினால், எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்போது பெரிய கியரில் போட்டு, பிரேக்கை முழுதும் அழுத்தியபடி கிளட்சை விட்டு எஞ்சினை அடக்கவேண்டும். “அதுவும் முடியவில்லையானால் வண்டியை விட்டு விலகுங்கள், எஞ்சின் போனால் போகட்டும்” என்றார். நீண்ட ஏற்றம் ஏறி வந்தவுடன் எஞ்சினை அணைக்காமல், ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல ஓடவிட்டு அணைக்கவேண்டும் என்பதையும் சொன்னார். அணைத்த கணமே ஆயில் வரவு நின்றுவிடும். செக்கச் சிவந்த சூட்டில் தண்டிலுள்ள ஆயில் கரிந்துபோகும்.

கூலியை அவர் கேட்டது, கணக்கெழுதிப் பழகிய எனக்கே குறைவாகத் தோன்றியது. அத்தான் கூட்டிக் கொடுத்ததை, “ரங்கத்துக்குப் போய் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் வந்து நட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள், அப்போது வாங்கிக்கொள்ளுகிறேன்” என்று திருப்பிவிட்டார்.

மறுநாள் காலை 6 மணி அணியில் செல்வதற்காக நான்கு மணிக்கே ஜிர்காடாங் சேர்ந்தோம். சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. இட்டலியும் பூரியும் விற்றனர். கதவு திறந்ததும் அணி நகர்ந்தது. இருமருங்கும் வானளாவிய மரங்கள். சாலை ஏறி இறங்கி வளைந்து செல்கின்றது. ஜாரவா மக்களைக் கண்டீர்களா என்று ஊர் திரும்பியதும் பலர் கேட்டனர். அது வேடிக்கை பார்க்கும் இடமன்று. ஆகையால் அதைப் பற்றி எழுதவும் நான் விரும்பவில்லை. அத்தான் அவ்வளவு தொலைவும் வானொலியை அணைத்துவிட்டு எஞ்சின் ஓசையையே கேட்டுக்கொண்டு வந்தார். மேடுகளில் இரண்டாம் கியருக்கு இறங்கவேண்டிய தேவை இருமுறையே நேர்ந்தது. கியர்க் கம்பி ஆடவில்லை.

நடு நீரிணையில் ஜீப்பைப் பெரிய படகொன்றில் ஏற்றிப் பாராடாங் தீவின் நீலாம்பூர்த் துறையில் இறக்கினர். படகில் ஏறுமுன் எஞ்சினை அணைக்கச் சொல்லி ஊழியர் கை காட்ட, அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் தாழ்த்தார். பின்னாலிருந்த பேருந்து ஓட்டுநர் இந்தியில் ஏதோ சொன்னார். அதற்கடுத்த ஹம்ப்ரே நீரிணையில் முன்பு மற்றொரு படகு. இப்போது அங்கே நீண்ட பாலம். நண்பகலுக்குள் ரங்கத் சேர்ந்துவிட்டோம். ஏறத்தாழ 170 கிலோமீட்டர். தமக்கை வாயிலில் நின்றவள், என்னை வாவென்று அழைப்பதற்கு முன் ஜீப்பின் பின்புறம் சென்று புகையின் நிறத்தைப் பார்த்தாள்.

மாலையில் அயல்வீட்டு முதியவரின் மகன் வந்தார். மாதமொருமுறை மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அவர், சென்ற மாதம் போகவில்லை. திங்கட்கிழமைக்கு இரண்டு இருக்கை வேண்டும் என்று சொல்லி முன்பணம் கொடுத்துச் சென்றார். அத்தான் அதை வாங்கித் தமக்கையிடம் கொடுத்துவிட்டு, விளக்கொன்றை எடுத்துக்கொண்டு, மவுண்டிங் நட்டுகளைப் பார்ப்பதற்காக மறுபடியும் வண்டியின் அடியில் நுழைந்தார்.